மேஸ்திரி நின்ற வாசல்

நூல் நூற்கும் ரிங் ஃப்ரேம் ஓடுகிற ஷெட்டில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது. ஆயிரக்கணக்கான ஸ்பிண்டில்கள் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றும்போது எழும் இரைச்சல் தொண்ணூறு டெசிபலை ஒட்டி இருக்கும். 1970-களின் கடைசியில் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் ஷிப்ட் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். பஞ்சு ரகம், நூல் நம்பர், ட்விஸ்ட் கணக்கு எல்லாம் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். ஷெட்டுக்குள் அங்குள்ளவர்களின் கைப்பாஷையை முதலில் பழக வேண்டியிருந்தது. விரல் நுனியைத் திருகிக் காட்டினால் நூல் அறுவு அதிகம் என்று பொருள். இரண்டு கையையும் மேலே தூக்கினால் நூல் சுற்றும் காப் நிறைந்துவிட்டது, அதைக் கழற்றும் டாஃபிங் ஆட்கள் வர வேண்டும். தொண்டையைத் தொட்டுக் காட்டினால், தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன், என் சைடைக் கொஞ்சம் பார்த்துக்கொள். வீட்டு விசேஷத்துக்கு அழைப்பதும், யூனியன் தேர்தலில் யார் முந்துகிறார் என்று சொல்வதும்கூட இதே கைகளால் நடந்தன.

அவ்வளவு இரைச்சலில் அவ்வளவு பேச்சு இருந்தது. இன்று பல்லடத்துக்கு அப்பால் ஒரு மில்லுக்கு ஆலோசகனாகப் போய்வருகிறேன். அங்கே சூப்பர்வைசர் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் போன், ஷெட்டுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு, சுவரில் பெரிய திரை. செய்தி போகாத இடம் கிடையாது. ஆனால் ஃப்ரேமின் முன்னால் நிற்கிற பெண்ணும் அவளை வேலை வாங்குகிற பையனும் ஒரு ஷிப்ட் முழுக்க ஒரு வார்த்தை பேசிக்கொள்வதில்லை. இது எனக்கு உறுத்துகிறது. ஆட்களை நடத்துவது என்ற வேலையில் நமக்கு எது கிடைத்தது, எது கைவிட்டுப் போனது என்று எழுதிப் பார்க்கத் தோன்றியது அதனால்தான்.

எங்கள் ரிங் ஃப்ரேம் மேஸ்திரி நாலாம் வகுப்பைத் தாண்டாதவர். நாலு மணி சங்கு ஊதுவதற்குக் கொஞ்சம் முன்னதாகவே ஷெட் வாசலில் வந்து நின்றுகொள்வார். அரை நைட் எனப்படும் மாலை ஷிப்ட் ஆட்கள் ஒவ்வொருவராக அவரைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். அவர் டோக்கன் நம்பரைப் பார்க்க மாட்டார், முகத்தைப் பார்ப்பார். "ஏனப்பா, கண்ணு செவந்து கெடக்குது? தூங்கலையா?" என்பார். அவன் ஏதாவது முனகுவான். மேஸ்திரி மேற்கொண்டு கேட்க மாட்டார். உள்ளே போனதும் பார்த்தால், அவனை நூல் அறுவு குறைவான ஒரு ஃப்ரேமுக்கு மாற்றியிருப்பார். ஒருநாள் அப்படி மாற்றப்பட்டவனின் குழந்தை பெரியாஸ்பத்திரியில் கிடந்தது என்பது எனக்கு மறுநாள் தெரிந்தது. மேஸ்திரிக்கு வாசலிலேயே தெரிந்திருந்தது.

ஷிப்ட் முழுக்க அவர் ஷெட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்துகொண்டே இருப்பார். எந்த ஃப்ரேமின் முன்னால் நின்றாலும் முதலில் மெஷினைப் பார்ப்பார், அப்புறம் ஆளைப் பார்த்துப் புருவத்தைத் தூக்குவார். என்ன விஷயம் என்று கேட்பது அது. பதில் கையால் வரும். டிராவலர் தேய்ந்துவிட்டது, ரோலரில் பஞ்சு சுற்றிக்கொள்கிறது, முந்தைய கட்ட மெஷினான ஸிம்ப்ளக்ஸிலிருந்து வரும் பாபின் சரியில்லை. இப்படிக் கீழிருந்து வரும் சேதி எல்லாம் அவரிடம் சேரும். அவர் அதை ஸ்பின்னிங் மாஸ்டர் காதில் போடுவார். எங்கள் மில்லின் தரத்தில் பாதி அந்த நடையில் இருந்தது என்று இன்றும் நம்புகிறேன்.

அவரை மகானாக்கிவிடக் கூடாது. காலையில் கேட்டுக்கு வெளியே பதிலித் தொழிலாளர்கள் வரிசையாக நிற்பார்கள். வேலைக்கு வராதவர்களின் இடத்துக்கு அன்றன்றைக்கு ஆள் எடுப்பது வழக்கம். யார் உள்ளே போகலாம் என்பது மேஸ்திரியின் கண்ணசைவில் இருந்தது. அந்தக் கண் யார் பக்கம் அசையும் என்பதில் சொந்த ஊர், சாதி, கைமாற்று வாங்கியது, தீபாவளிக்கு வைத்துக் கொடுத்தது எல்லாம் சேர்ந்திருந்தது. வைண்டிங்கிலும் ரீலிங்கிலும் வேலை செய்த பெண்களிடம் அவர் பேசிய பேச்சை எழுத முடியாது. மூத்த தொழிலாளர்கள் சின்னியம்பாளையத்துக்காரர்கள் நால்வரைப் பற்றிச் சொல்வார்கள். 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்ட மில் தொழிலாளர்கள் அவர்கள். பெண் தொழிலாளி ஒருத்திக்கு இழைக்கப்பட்ட கொடுமைதான் அவர்களைத் தூக்குமேடைக்குக் கொண்டுபோன மோதலுக்கு மூலம் என்று சொல்லும்போது சொல்பவர் குரல் தணியும். ஆட்களை அதட்டி நடத்தும் வழக்கம் இந்த ஊரில் எவ்வளவு ரத்தம் வாங்கியது என்பதை அந்தத் தலைமுறை மறக்கவில்லை.

கோவையில் முதல் நூற்பாலை 1888-இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் முயற்சியால் எழுந்தது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு மில்கள் பெருகின. பணம் போட்டவர்களில் பலர் விவசாயக் குடும்பத்தார், வேலைக்கு வந்தவர்களும் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள். தோட்டத்தில் ஆள் வைத்து வேலை வாங்கிய முறையே மில்லுக்குள்ளும் வந்தது. அந்த முறையில் அதட்டலும் இருந்தது, ஆளை ஆளாகத் தெரிந்துவைத்திருப்பதும் இருந்தது. இரண்டும் ஒரே மனிதரிடம் இருந்ததால்தான் பின்னால் வந்தவர்கள் ஒன்றை ஒழிக்கப் போய் மற்றதையும் சேர்த்து ஒழித்தார்கள்.

ஒழித்த இடத்தில் முதலில் வந்து உட்கார்ந்தது காகிதம். 1980-களில் எங்கள் மில்லில் எல்லாமே மெமோ. ஒரு சைடர், அதாவது ஃப்ரேமைக் கவனிக்கும் தொழிலாளி, தன் ஃப்ரேமை விட்டுக் கொஞ்ச நேரம் விலகி நின்றால் மறுநாள் டைம் ஆபீஸிலிருந்து ஆங்கிலத்தில் டைப் அடித்த தாள் வரும். அவர் அதை வாங்கிக்கொண்டு யூனியன் ஆபீஸுக்குப் போவார். அங்கே ஒருவர் படித்துச் சொல்லி, பதில் விளக்கத்தையும் ஆங்கிலத்திலேயே டைப் அடித்துக் கொடுப்பார். அதை நிர்வாகம் கோப்பில் சேர்க்கும். ஷெட்டுக்குள் அந்தத் தொழிலாளியும் அவருடைய அதிகாரியும் ஆறடி இடைவெளியில் நின்றுகொண்டிருப்பார்கள். ஆனால் அவர்கள் பேச்சு இரண்டு டைப்ரைட்டர்கள் வழியாக ஊரைச் சுற்றிக்கொண்டு வரும்.

சட்டம் இதைவிடத் தெளிவாக இருந்தது. வேலை நிபந்தனைகளை ஆங்கிலத்திலும், தொழிலாளர்களில் பெரும்பான்மையினருக்குப் புரியும் மொழியிலும் எழுதி வாசலருகே பலகையில் வைக்க வேண்டும் என்று 1946-ஆம் ஆண்டு நிலையாணைகள் சட்டம் சொன்னது. 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டமும் அறிவிப்புகளுக்கு அதையே சொன்னது. நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், தொழிலாளர் தரப்பின் எண்ணிக்கை நிர்வாகத் தரப்புக்குக் குறையாமல் உட்காரும் ஒர்க்ஸ் கமிட்டிக்கு 1947-ஆம் ஆண்டு தொழில் தகராறுகள் சட்டம் இடம் வைத்தது. ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்பதற்கு அவ்வளவு முன்பே நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள். பல மில்களில் அந்த நாற்காலியில் தூசிதான் உட்கார்ந்தது. எங்கள் மில்லில் கமிட்டி கூடும். டீ வரும், கேன்டீன் வடை வரும், கக்கூஸ் பல்பு, சைக்கிள் ஸ்டாண்டு ஓடு என்று நாலு விஷயம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கலைவார்கள்.

ஒரு கோடையில் மட்டும் வேறு மாதிரி நடந்தது. அதை விரிவாகச் சொல்ல வேண்டும்.

நூற்பில் காற்றின் ஈரம் முக்கியம். ரிங் ஃப்ரேம் ஷெட்டில் ஈரப்பதம் 55 முதல் 60 சதவீதம் வரை நிற்க வேண்டும். குறைந்தால் இழை உலர்ந்து அறுந்துகொண்டே இருக்கும், கூடினால் ரோலரில் சுற்றிக்கொள்ளும். அந்த வருஷம் எங்கள் ஷெட்டின் மேற்குப் பக்கத்து ஃப்ரேம்களில் மத்தியானத்துக்கு மேல் நூல் அறுவு எகிறியது. ஈரப்பதம் காட்டும் கருவி கிழக்குச் சுவரில் மாட்டியிருந்தது, அது சரியான அளவையே காட்டியது. ஆகவே கோளாறு ஆட்களிடம்தான் என்று மேலிடம் முடிவு கட்டியது. அரை நைட் சைடர்கள் மூன்று பேருக்கு மெமோ போனது. கவனக்குறைவு, வேலையில் மெத்தனம். அவர்களும் டைப் அடித்த விளக்கம் கொடுத்தார்கள்.

கமிட்டிக் கூட்டத்தில் வடை வரும்வரை யாரும் இதைப் பேசவில்லை. ஸ்பின்னிங் மாஸ்டர் அன்றைக்கு ஏனோ பேனாவை மூடி வைத்துவிட்டு, மூலையில் இருந்த ஒரு கிழவரைப் பார்த்து, "ஏனுங்க, நீங்க அந்தப் பக்கம் ரொம்ப வருஷமா நிக்கிறீங்க. உங்களுக்கு என்ன தோணுது?" என்றார். கிழவர் கொஞ்ச நேரம் துண்டை மடித்துக்கொண்டிருந்தார். "மூணு மணிக்கு மேல அந்தக் கோடியில தண்ணி வர்றதில்லீங் மாஸ்டர். பைப்பு மூச்சு வாங்குது. நாங்க சொன்னா ஆரு கேக்கறாங்க?" என்றார்.

போய்ப் பார்த்தோம். ஷெட்டுக்குள் நீர்த்திவலை தெளிக்கும் குழாய்களும் கேன்டீனும் ஒரே மேல்நிலைத் தொட்டியிலிருந்து தண்ணீர் எடுத்தன. மூன்று மணிக்குக் கேன்டீனில் பாத்திரம் கழுவத் தொடங்கினால் மேற்குக் கோடிக்குத் தண்ணீர் அழுத்தம் போதாமல் போனது. கிழக்குச் சுவரின் கருவி பொய் சொல்லவில்லை, கிழவரும் பொய் சொல்லவில்லை. தனிக் குழாய் இழுக்க ஒரு வாரம் ஆனது. அறுவு இறங்கிவிட்டது. அந்த மூன்று மெமோக்களையும் மாஸ்டர் ரத்து செய்தார். ரத்து செய்ததைத் தமிழில் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டவும் சொன்னார். அது அதற்கு முன் நடந்திராத காரியம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். அந்த ஷெட்டில் கைகள் மறுபடி பேசத் தொடங்கின. சின்னச் சின்னக் கோளாறுகள் எங்களுக்கு முன்கூட்டியே தெரிய வந்தன. நான் எந்த ஃப்ரேமின் முன்னால் போனாலும் சொல்வதற்கு ஏதோ இருந்தது. கூலி ஒரு பைசா கூடவில்லை. சொன்னால் காரியம் நடக்கும் என்று ஒருமுறை கண்ணால் பார்த்திருந்தார்கள்.

சூப்பர்வைசர்களுக்கான ஒரு பயிற்சி வகுப்பில் ஆலைத் தொழிலாளர்களை ஆராய்ந்த எல்டன் மேயோ பற்றிக் கேட்டபோது அந்தக் கிழவர் முகம்தான் நினைவுக்கு வந்தது. மேலாண்மைப் பாடம் படித்தவர்களுக்கு மேயோ என்றதும் ஹாத்தோர்ன் ஆலையில் நடந்த ஆய்வுகள் ஞாபகம் வரும். அதற்கு முன்பே, 1923-இல், அவர் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு நூற்பாலைக்குள் போயிருந்தார் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அந்த ஆலையின் மற்றப் பிரிவுகளில் வருஷத்துக்கு நூற்றுக்கு ஐந்தாறு பேர் வேலையை விட்டுப் போனார்கள். நூற்புப் பிரிவில் மட்டும் அந்த விகிதம் ஏறத்தாழ 250 சதவீதம். ஊக்கத்தொகைத் திட்டங்கள் போட்டுப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. நாளெல்லாம் நடந்துகொண்டே நூலை இணைக்கிற, பக்கத்தில் பேச ஆளில்லாத வேலை அது. மேயோ நடுநடுவே ஓய்வு கொடுக்கச் சொன்னார், கட்டிலில் படுக்கவும் இடம் செய்தார்கள். விலகல் குறைந்தது, உற்பத்தி ஏறியது. பெரிய ஆர்டர் ஒன்று வந்தபோது சூப்பர்வைசர்கள் ஓய்வை நிறுத்தினார்கள். சில நாளில் உற்பத்தி சரிந்தது. கடைசியில் ஆலைத் தலைவரே தலையிட்டு, ஓய்வு நேரத்தில் மெஷின்களை நிறுத்தச் சொன்னார்.

இதில் ஓய்வுக்கு மட்டும்தான் பலன் என்று நானும் வகுப்பில் எழுதிக்கொண்டேன். மேயோவே 1945-இல் வந்த நூலில் இதைத் திரும்பப் பார்த்து வேறொன்று சொல்லியிருக்கிறார். தங்கள் பேச்சைக் கேட்க ஒருவர் வந்தார், தலைவர் தங்கள் பக்கம் நின்றார், ஓய்வை எப்படி எடுப்பது என்பதில் தங்களுக்கும் சொல் இருந்தது. தனித்தனியாக நின்றவர்கள் அப்போது ஒரு குழுவானார்கள் என்கிறார். அகமதாபாத் கேலிகோ மில்லில் 1953-இல் ஏ.கே. ரைஸ் என்ற ஆய்வாளர் நடத்திய சோதனையும் இதற்கு உறவுதான். தறிக்கூடத்தில் ஆளுக்கொரு துண்டு வேலையாகச் சிதறிக் கிடந்ததை, சில தறிகளுக்கு ஒரு சிறு குழு முழுப்பொறுப்பு என்று மாற்றலாம் என யோசனை சொன்னார். தொழிலாளர்கள் அதைத் தாங்களே கையிலெடுத்து, யார் யாரோடு சேர்வது என்று தங்களுக்குள் பிரித்துக்கொண்டார்கள். நம் நாட்டு ஆலையில், நம் ஆட்கள் செய்து காட்டிய காரியம் இது. நம் மேலாண்மை வகுப்புகளில் ஏன் இதை அதிகம் சொல்வதில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

இப்போதைய மில்லுக்கு வருகிறேன். ஒரு ஃப்ரேமில் ஆயிரத்துக்கு மேல் ஸ்பிண்டில்கள். காப் நிறைந்தால் மெஷினே கழற்றி மாட்டிக்கொள்கிறது, டாஃபிங் கும்பல் இல்லை. ஈரப்பதத்தைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. ஒவ்வொரு ஸ்பிண்டிலுக்கும் சென்சார் இருக்கிறது; நூல் அறுந்த இடத்தில் சிறு விளக்கு எரிந்து வழி காட்டும். இதெல்லாம் நல்லது. அந்தக் காலத்துப் பஞ்சுத்தூசியில் இருமி இருமிப் போனவர்களைப் பார்த்தவன் நான். புதிய மெஷின் வேண்டாம் என்று என் வாயிலிருந்து வராது.

அந்த மெஷின்களின் முன்னால் நிற்பவர்கள் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பக்கத்துப் பிள்ளைகள். அதற்கு முன் ஒரு காலம் தென்மாவட்டத்துப் பெண் பிள்ளைகளை மூன்று வருஷ ஒப்பந்தத்தில் அழைத்து வந்து, முடிவில் மொத்தமாகப் பணம் தருவதாகச் சொல்லி, ஹாஸ்டலில் வைத்து வேலை வாங்கினார்கள். கல்யாணக் கனவைக் காட்டி அதற்குச் சுமங்கலித் திட்டம் என்று பெயரும் வைத்திருந்தார்கள். வெளியே போகத் தடை, வீட்டோடு பேச வார்டனின் போன். அந்தப் பிள்ளைகளிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. கேட்காமலிருப்பதற்குப் பழகிய நிர்வாகத்துக்கு, கேட்டாலும் புரியாத மொழி பேசும் ஆட்கள் வந்தது வசதியாகப் போயிற்று. கடுமையாகச் சொல்கிறேன் என்று தெரியும். மாற்றிச் சொல்ல மனம் வரவில்லை.

ஒரு நாள் மத்தியானம் ஷெட்டில் சுற்றி வந்தபோது, ஒரு ஃப்ரேமின் ரிங் ரெயிலில் சாக்பீஸ் கோடு ஒன்று தெரிந்தது. ஒடிசாவின் பலாங்கீர்ப் பக்கத்துப் பெண் நிற்கும் சைடு அது. இரண்டு நாள் கழித்துப் போனபோது சூப்பர்வைசர் உற்சாகமாக இருந்தான். புதிய மென்பொருள், அடிக்கடி நூல் அறும் கோளாறு ஸ்பிண்டில்களைப் பட்டியல் போட்டுக் கொடுத்திருந்தது. "பாருங்க சார், ஆளே தேவையில்ல, சிஸ்டமே சொல்லிருது" என்று திரையைக் காட்டினான். பட்டியலின் தலையில் இருந்த ஸ்பிண்டிலைத் தேடிப் போனோம். அது சாக்பீஸ் கோடு போட்ட ஸ்பிண்டில்.

தமிழ் கொஞ்சம் கற்றிருந்த பையன் ஒருவனை அழைத்து அந்தப் பெண்ணிடம் கேட்கச் சொன்னேன். அந்த ஸ்பிண்டில் தொந்தரவு கொடுக்கத் தொடங்கிப் பல நாள் ஆயிற்று என்றாள். பார்ப்பவர் பார்க்கட்டும் என்று கோடு போட்டு வைத்திருந்தாள். ஒரு முறை சூப்பர்வைசரைக் கைகாட்டி அழைத்தாள், அவன் போனைப் பார்த்துக்கொண்டே போய்விட்டான். லட்சக்கணக்கில் செலவழித்து வாங்கிய சென்சார் சொன்னதை அவள் கூலியிலேயே சொல்லியிருந்தாள்.

அந்த சூப்பர்வைசர் பையனைக் குறை சொல்வதும் எனக்கு ஒப்பவில்லை. இருபத்து நாலு வயது, பாலிடெக்னிக் முடித்தவன். அவன் போனில் உற்பத்திக் குழு, தரக் குழு, பராமரிப்புக் குழு, ஹாஸ்டல் குழு, தலைமை அலுவலகக் குழு என்று வரிசையாக இருக்கின்றன. ராத்திரி பதினொரு மணிக்கு "ஏன் இன்றைய கிலோ குறைவு?" என்று ஒரு செய்தி வரும். ஐந்து நிமிஷத்தில் பதில் போகவில்லை என்றால் கேள்விக்குறிகள் வரும். காலையில் அதே குழுவில் சூரியோதயப் படத்தோடு ஊக்கமூட்டும் வாசகம் வரும். அவனிடம் யாரும், உனக்கு என்ன தொந்தரவு என்று கேட்டதில்லை. தன்னிடம் கேட்கப்படாத கேள்வியை அவன் அடுத்தவரிடம் எப்படிக் கேட்பான்? மேஸ்திரிக்கு நடக்க நேரம் கொடுத்திருந்தோம். இவன் நேரத்தைத் திரை தின்கிறது.

ஊக்கமூட்ட வெளியிலிருந்தும் ஆள் வருகிறார்கள். போன ஆயுத பூஜைக்கு முன் ஒருவர் வந்தார். கேன்டீன் ஹாலில் எல்லோரையும் நிறுத்திக் கை தட்டச் சொன்னார், உங்களால் முடியும் என்று உரக்கச் சொல்லச் சொன்னார். பேசியது தமிழில். முன்வரிசைப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அது புரியாது. மற்றவர்கள் தட்டும்போது அவர்களும் தட்டினார்கள். ஹாலின் சுவரில் மாதத்தின் சிறந்த தொழிலாளி என்று ஒரு பெண்ணின் படம் மாலையோடு இருந்தது. அவள் அதற்குச் சில வாரம் முன்பே ஊருக்குப் போய்விட்டாள், திரும்பி வரவில்லை. ஏன் போனாள் என்று கேட்டேன். ஹெச்.ஆர். பிரிவில் யாருக்கும் தெரியவில்லை. ஜப்பானியத் தொழிற்சாலைகளுக்குத் தரத்தைக் கற்றுக்கொடுத்த எட்வர்ட்ஸ் டெமிங், சுவர் வாசகங்களையும் முழக்கங்களையும் எடுத்துவிடுங்கள் என்று 1980-களில் அமெரிக்க நிர்வாகிகளிடம் மன்றாடினார். கோளாறுகளில் பெரும்பகுதி அமைப்பில் இருக்கும்போது ஆளைப் பார்த்து முயற்சி செய் என்பது கசப்பைத்தான் வளர்க்கும் என்பது அவர் வாதம். குழாயில் தண்ணீர் வராத காலத்தில் மேற்குக் கோடி சைடர்களுக்குக் கை தட்டக் கற்றுக்கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

கேட்டருகே நிலையாணைப் பலகை இருக்கிறது, நல்ல பெயின்ட்டில், ஆங்கிலத்திலும் தமிழிலும். ரிங் ஃப்ரேம் ஷெட்டில் நிற்பவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டும் வாசிக்கத் தெரியாது. பெரும்பான்மையினருக்குப் புரியும் மொழி என்று 1946-லேயே எழுதி வைத்தவர்கள் இந்த நிலைமையை ஊகித்திருக்க மாட்டார்கள். ஆனாலும் அவர்கள் எழுதிய வாசகம் இதற்கும் போதுமானது. ஒடியாவில் ஒரு பலகை எழுத எவ்வளவு செலவாகிவிடும்? நிர்வாகத்திடம் கேட்டேன். தணிக்கைக்கு வருபவர்கள் அதைக் கேட்பதில்லை என்றார்கள்.

இவ்வளவுக்கும் நடுவே அந்த மில்லில் ஒரு ஷிப்ட் அதிகாரி இருக்கிறாள். தாராபுரத்துப் பெண், டெக்ஸ்டைல் டெக்னாலஜி படித்தவள். பகல் ஷிப்ட் அவளுடையது. தொழில் சொல்லிக் கொடுக்க என்னிடம் அனுப்பினார்கள். அவளிடமிருந்து நான் தெரிந்துகொண்டதைத்தான் இப்போது எல்லா மில்லிலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஷிப்ட் தொடங்கும்போது அவள் வாசலில் நிற்கிறாள். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, மேஸ்திரியைப் பற்றி நான் சொல்வதற்கு முன்பே அது அவள் வழக்கமாக இருந்தது. பாக்கெட் நோட்டில் ஒடியா வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருக்கிறாள். நூலுக்கு ஸுதா, தண்ணீருக்குப் பாணி, என்ன ஆயிற்று என்பதற்குக் கண ஹேலா. அவள் உச்சரிப்பைக் கேட்டு அந்தப் பிள்ளைகள் வாய் பொத்திச் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுத் திருத்துகிறார்கள். அப்புறம் விஷயத்தையும் சொல்கிறார்கள். அவளை அக்கா என்று கூப்பிடுகிறார்கள். சூப்பர்வைசர் பையனை சார் என்று.

ஷெட் மூலையில் ஒரு கரும்பலகை வைத்திருக்கிறாள். வந்த குறை ஒரு பக்கம், அதற்கு என்ன செய்தோம் என்பது மறுபக்கம். எழுத்து தெரியாதவர்களுக்காகக் குழாய், விளக்கு, ரோலர் என்று படமாகவே வரைந்துவிடுகிறாள். செய்ய முடியாததற்கும் பதில் உண்டு. சாப்பாட்டில் ஆலு கேட்டவர்களுக்கு வாரம் இரண்டு நாள் என்று பதில், மேல் பர்த் கட்டில் ஆடுகிறது என்றவர்களுக்கு வெல்டர் வரும் கிழமை. லீவு கேட்டவளுக்கு, ரத யாத்திரைச் சமயத்தில் எல்லோரும் போக முடியாது, யார் யார் போவது என்று நீங்களே பேசி முடிவு செய்து சொல்லுங்கள் என்று சொல்லி அனுப்பினாள். அவர்கள் முடிவு செய்தார்கள். ஊருக்குப் போனவர்கள் சொன்ன தேதிக்குத் திரும்பி வந்தார்கள்.

மேஸ்திரியிடம் இருந்த அதட்டலும் கைமாற்றுக் கணக்கும் இவளிடம் இல்லை. ஆளை ஆளாகத் தெரிந்துவைத்திருப்பது இருக்கிறது. இரண்டையும் பிரித்தெடுக்க முடியும் என்று நான் இத்தனை வருஷமாக வாதாடி வந்ததற்குக் கண்முன்னே அவள் சாட்சி. எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

அவளுக்கு இருந்த பெரிய தடை நேரம். ஒரு ஷிப்ட் வெளியே போகும் அதே நிமிஷத்தில் அடுத்த ஷிப்ட் உள்ளே வருகிறது. போகிறவளுக்குத் தெரிந்த கோளாறு வருகிறவளுக்குத் தெரியாது. பழைய மில்லில் இவர்கள் வாசலில் எதிர்ப்பட்டுக் கையால் நாலு சேதி சொல்லிவிட்டுப் போவார்கள். இங்கே பஸ் காத்து நிற்கிறது, வார்டன் எண்ணுகிறாள். ஷிப்ட் மாறும்போது இரண்டு ஷிப்ட் ஆட்களும் பதினைந்து நிமிஷம் சேர்ந்து இருக்க வேண்டும், அதற்குக் கூலியும் கொடுக்க வேண்டும் என்று அவள் எழுதிக் கொடுத்தாள். அக்கவுன்ட்ஸ் பிரிவு தலைக்குப் பதினைந்து நிமிஷத்தை வருஷத்தால் பெருக்கி ஒரு தொகையைக் காட்டி மறுத்தது. அவள் அதே தாளின் பின்பக்கம், ஒவ்வொரு ஷிப்டின் முதல் அரை மணியில் விழும் கழிவுப் பஞ்சின் எடையை வாரவாரியாக எழுதி நேரே முதலாளியிடம் கொண்டுபோனாள். கூடவே பலாங்கீர்ப் பெண்ணையும் அழைத்துப் போனாள். முதலாளி பழைய குடும்பத்து ஆள். அவர் அப்பா ஷெட்டுக்குள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்ததைப் பார்த்து வளர்ந்தவர். அந்தப் பெண்ணை உட்காரச் சொல்லி, எந்த ஸ்பிண்டில், எப்போதிலிருந்து என்று தமிழ் கற்றிருந்த அந்தப் பையனை வைத்துக் கேட்டாராம். அரை மணி நேரம் பேசியிருக்கிறார்கள்.

ரிங் ஃப்ரேம் ஷெட்டுக்கு மட்டும் மூன்று மாதத்துக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. இப்போது கோன் வைண்டிங் பிரிவில் இருப்பவர்கள் எங்களுக்கும் அந்தப் பதினைந்து நிமிஷம் வேண்டும் என்று கேட்டு, கரும்பலகையின் குறைப் பக்கத்தில் தாங்களே ஒரு கடிகாரம் வரைந்து வைத்திருக்கிறார்கள். மறுபக்கம் இன்னும் காலியாக இருக்கிறது. மூன்று மாதம் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று மேனேஜர் சொல்கிறார். அதையாவது பலகையில் எழுதச் சொல்லுங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.